தோலுக்கு மேலிருந்து ஒரு தட்டல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்கடை வாசலில் காத்து நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. தலை போன பிறகும் கோழி கொஞ்ச நேரம் காலை உதைக்கும், இறக்கையை அடிக்கும். ‘இன்னும் உயிர் போகல’ என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்வார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த உதைப்பில் ஓர் ஒழுங்கு தெரியும். காலை மடக்குகிறது, நீட்டுகிறது, மறுபடி மடக்குகிறது. மூளை தனியாக வாளியில் கிடக்கும்போது இந்தத் தாளத்தைப் போடுவது யார்? முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம்தான்.

இதைச் சோதனைச்சாலையில் நிறுவியவர் தாமஸ் கிரகாம் பிரவுன். 1911-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு பூனையின் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்தார். கால்களிலிருந்து சேதி கொண்டுவரும் உணர்வு நரம்புகளையும் வெட்டினார். மேலிருந்து கட்டளை கிடையாது, கீழிருந்து தகவல் கிடையாது. அப்போதும் பின்னங்கால் தசைகள் நடக்கும்போது போலவே மாறி மாறிச் சுருங்கின. மனிதர் பிற்காலத்தில் பேர் வாங்கியது ஆல்ப்ஸ் மலையேற்றத்தில். மான்ட் பிளாங்கின் பிரென்வா சரிவில் புதுப் பாதைகள் கண்டவர். அவருடைய பூனையை நரம்பியல் உலகம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சீந்தவே இல்லை. தண்டுவடம் என்றால் மூளையின் கட்டளையைக் கால்வரை கொண்டுபோகும் ஒயர், அவ்வளவுதான் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அந்த நினைப்பை உடைத்தவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆய்வு செய்த ரெஜி எட்கர்டன். தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை டிரெட்மில்லில் நிறுத்தி நாள்தோறும் பழக்கினார். வாரங்கள் செல்லச் செல்ல அவற்றின் பின்னங்கால்கள் ஓடும் பட்டையின் வேகத்துக்கு ஏற்ப அடியெடுத்து வைத்தன. இன்னொரு கூட்டத்துக்கு நிற்க மட்டுமே பயிற்சி. அவை நன்றாக நின்றன, ஆனால் நடக்கச் சொன்னால் தடுமாறின. மூளையின் துணை துளியும் இல்லாமல், பழக்கியதை மட்டும் பழகிக்கொண்டது தண்டுவடம். இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

விபத்தில் முதுகு அடிபட்டுக் கால் வராமல் போனவரைப் பற்றி நம் ஊரில் சொல்வது, ‘நரம்பு அறுந்துபோச்சு’. பெரும்பாலான நேரம் அது அறுவதில்லை. தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன், வேகவைத்த முட்டையின் வெள்ளையைப் போல மெத்தென்ற பொருள். எலும்பு உடைந்தோ நகர்ந்தோ அதை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் ரத்தம் கசிகிறது, வீக்கம் வருகிறது, அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் சேதம் அக்கம்பக்கத்துக்குப் பரவுகிறது. கடைசியில் நடுவில் ஒரு பொந்தும் தழும்பும் மிஞ்சுகின்றன. ஆனால் அந்தப் பொந்தின் ஓரமாகச் சில இழைகள் உயிரோடு தப்பிவிடுவது உண்டு. காலை ஒரு மயிரிழை அசைக்க முடியாதவர், ஊசியால் குத்தினாலும் தெரியாதவர், மருத்துவர் ‘முழுச் சேதம்’ என்று எழுதிக்கொடுத்தவர், இவர்களில் கணிசமானோரிடம்கூட நுட்பமான மின் சோதனைகள் சில இழைகள் இன்னும் சேதி கடத்துவதைக் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் ஏன் கால் அசையவில்லை? கிராமத்தில் லோ வோல்டேஜ் நேரத்தில் டியூப்லைட் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். சுவிட்சைத் தட்டினால் இரண்டு முனையும் செம்மஞ்சளாகக் கனலும், ஒருமுறை மினுக்கும், எரியாது. பல்பும் கெடவில்லை, ஒயரும் அறவில்லை. எரியத் தேவையான அளவுக்கு மின்னழுத்தம் எட்டவில்லை. தண்டுவடத்தின் இயக்க நரம்பணுவும் ஒரு குறிப்பிட்ட அளவு தூண்டல் சேர்ந்தால்தான் தசைக்குக் கட்டளை அனுப்பும். நல்ல உடம்பில் மூளைத்தண்டிலிருந்து ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும் சேதிகள் இந்த அணுக்களை எப்போதும் அரைத் தயார் நிலையில் வைத்திருக்கும். அடிபட்டபின் அந்தப் பின்னணி ஓட்டம் வற்றிவிடுகிறது. தப்பிய நாலைந்து இழைகள் கிசுகிசுக்கும் கட்டளை, எரிய வைக்கும் அளவை எட்டாமலே அடங்கிப்போகிறது.

அப்படியென்றால் கீழே ஒரு ஸ்டெபிலைசர் வைத்துப் பார்த்தால் என்ன? கடந்த பதினைந்து சொச்சம் ஆண்டுகளின் ஆராய்ச்சி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதல் விடை கத்தியோடு வந்தது. அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹர்கீமாவும் எட்கர்டனும் சேர்ந்த குழு, 2009-ல் ராப் சம்மர்ஸ் என்ற முன்னாள் கல்லூரி பேஸ்பால் வீரரின் தண்டுவட உறைக்கு மேலே மின்முனைப் பட்டை ஒன்றைப் பொருத்தியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கார் மோதி மார்புக்குக் கீழே செயலிழந்தவர் அவர். மின்தூண்டல் ஓடும்போது எழுந்து நின்றார். அது மட்டுமில்லை, சில மாதப் பயிற்சிக்குப் பின் தூண்டல் ஓடும்போது தானாக நினைத்துக் கால்விரலையும் முழங்காலையும் அசைத்தார். நிற்பதைத்தான் ஆய்வாளர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். மூளையின் சொல்லும் கால்வரை போகும் என்பது அவர்களுக்கே அதிர்ச்சி. 2011-ல் இது வெளியானதும் தண்டுவட ஆராய்ச்சியே வேறு திசைக்குத் திரும்பியது. 2018-ல் லூயிவில், மேயோ கிளினிக், சுவிட்சர்லாந்தின் லோசான் என மூன்று இடங்களிலிருந்து, பொருத்திய மின்முனையோடு ஆட்கள் அடியெடுத்து வைத்த சேதி வந்தது.

ஆனால் முதுகைத் திறக்க வேண்டும். தொற்று வரலாம், மின்முனை நகரலாம், பேட்டரியை மாற்ற மறுபடி கத்தி வைக்க நேரலாம். ஏற்கெனவே ஒரு பெரிய அறுவையைக் கடந்து, குடும்ப நகையெல்லாம் அடகில் இருக்கும் ஒருவரிடம் ‘இன்னொரு ஆபரேஷன்’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

கத்தி இல்லாத வழியைத் தேடியவர்களில் முன்னோடி யூரி கெராசிமென்கோ. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பாவ்லோவ் உடலியங்கியல் நிறுவனத்துக்காரர், எட்கர்டனின் கூட்டாளி. தோல்மேல் ஒட்டும் மின்முனையிலிருந்து தண்டுவடம்வரை மின்சாரம் போக வேண்டுமானால் தோல், கொழுப்பு, தசை, எலும்பு எல்லாவற்றையும் கடக்க வேண்டும். அந்த அளவு மின்சாரத்தைத் தோல் தாங்காது, சுரீரென்று எரியும். இதற்கு ரஷ்யர்களிடம் பழைய தந்திரம் ஒன்று இருந்தது. 1970-களில் யாகோவ் கோட்ஸ் என்ற சோவியத் விஞ்ஞானி, விளையாட்டு வீரர்களின் தசையை வலுப்படுத்த, வினாடிக்கு ஆயிரக்கணக்கில் அதிரும் மின்னலையைப் பயன்படுத்தினார். அதிவேக அலையில் தோலின் எரிச்சல் வெகுவாகக் குறைந்தது. நம் ஊர் பிசியோதெரபி மாணவர்கள் ‘ரஷ்யன் கரண்ட்’ என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது இதைத்தான். கெராசிமென்கோ குழு 10 கிலோஹெர்ட்ஸ் அலையைச் சிறு துணுக்குகளாக வெட்டி, வினாடிக்குச் சுமார் 30 துணுக்குகள் என்ற கணக்கில் முதுகின் வழியே அனுப்பியது. தோலைப் பெரிதாக நோகடிக்காமல் மின்சாரம் ஆழத்துக்கு இறங்கியது.

இறங்கி எங்கே போகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. தசையை ஆட்டும் அணுக்களை அது நேராகப் போய்த் தட்டுவதில்லை. முதுகுப்பக்கமாகத் தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்பு வேர்களை, அதிலும் ‘தசை இப்போது எவ்வளவு நீண்டிருக்கிறது’ என்ற சேதியைக் கொண்டுவரும் தடித்த இழைகளைத் தூண்டுகிறது. காலிலிருந்து ஏராளமான சேதி வருவதாகத் தண்டுவடம் நம்புகிறது, விழித்துக்கொள்கிறது. முன்வாசல் அடைத்துக் கிடக்கும் வீட்டில் கொல்லைப்புறக் கதவைத் தட்டி ஆளை எழுப்புவது போல. எழுந்த ஆள் என்ன செய்ய வேண்டும் என்பதை மேலிருந்து வரும் மெல்லிய கட்டளையும் காலின் பழக்கமும்தான் முடிவுசெய்கின்றன.

2015-ல் வெளியான கெராசிமென்கோ குழுவின் சோதனையில் ஐந்து ஆண்கள். எல்லாருக்கும் கால் அசைவு நின்று இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் கூரையிலிருந்து தொங்கும் தொட்டில் போன்ற பட்டைகளில் ஏந்தவிட்டார்கள். காலின் எடை காலுக்கே சுமையாகக் கூடாது அல்லவா? மின்முனைகள் முதுகின் நடுவிலும் வால் எலும்புக்கு அருகிலும். வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம், மொத்தம் 18 வாரம். முதலில் தூண்டல் இல்லாமல் ‘காலை ஆட்டுங்கள்’ என்றால் ஒன்றும் நடக்காது. தூண்டலோடு முயன்றால் கால் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் போகும். கடைசி 4 வாரம் பஸ்பிரோன் என்ற மாத்திரையும் கொடுத்தார்கள். பதற்றத்துக்குத் தரும் சாதாரண மருந்து, தண்டுவடத்தில் செரோடோனின் வேலையைப் பார்க்கும். பயிற்சி முடிந்தபோது மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காலை ஆட்டச் சொன்னார்கள். தூண்டலோடு ஆட்டிய அளவுக்கே ஆட்டினார்கள்.

அவர்கள் யாரும் எழுந்து நடக்கவில்லை. எடையை ஏந்திய தொட்டிலில் கால் ஆடியது, அவ்வளவே. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு ‘உடல் முடக்கத்துக்கு முடிவு’ என்று தலைப்புப் போடும் செய்திகளைப் பார்க்கும்போது கோபம் வரும். நடை வேறு, அசைவு வேறு.

நடைதான் எல்லாருக்கும் முதல் ஆசை என்பதும் நடக்கிறவர்களின் கற்பனைதான். கிம் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர், தாமும் தண்டுவடக் காயத்தோடு வாழ்பவர், 2004-ல் தம்மைப் போன்ற 681 பேரிடம் எது திரும்பி வந்தால் வாழ்க்கை மாறும் என்று கேட்டார். கழுத்தில் அடிபட்டுக் கையும் காலும் போனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சொன்னது கை. முதுகில் அடிபட்டவர்கள் முன்னால் வைத்தது தாம்பத்தியம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இரு தரப்பிலும் நடையோடு போட்டி போட்டது. யோசித்தால் வியப்பில்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் சோற்றைத் தானே பிசைந்து உண்ணலாம், கதீட்டரைத் தானே போட்டுக்கொள்ளலாம், நள்ளிரவில் கொசு கடித்தால் யாரையும் எழுப்பாமல் சொறிந்துகொள்ளலாம்.

அதனால்தான் கத்தியில்லாத மின்தூண்டல் முதலில் ஜெயித்த இடம் கை என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செட் மோரிட்ஸ் குழு 2021-ல் ஆறு பேரிடம் கிடைத்த பலனை வெளியிட்டது. கழுத்தில் அடிபட்ட இடத்துக்கு மேலும் கீழும் ஒட்டுமுனை, மின்சாரம் ஓட ஓடக் கைப்பயிற்சி. இதன் பெரிய வடிவம் ‘அப்-லிஃப்ட்’ சோதனை. அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் 14 மையங்கள், 60 பேர். முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் அதே பயிற்சியோடு மின்தூண்டல். பயிற்சி என்றால் நாமெல்லாம் யோசிக்காமல் செய்கிற காரியங்கள்தான்: ஒரு பொருளை விரல் நுனியால் கிள்ளி எடுப்பது, பாட்டிலைப் பிடிப்பது, சின்னச் சின்னப் பொருள்களை இடம் மாற்றுவது. 2024 மே மாதம் முடிவு வெளியானது. 72 சதவீதம் பேருக்குக் கையின் வலு, பயன்பாடு இரண்டிலுமே முன்னேற்றம். கருவியால் பெரிய கேடு எதுவும் நேரவில்லை. அடிபட்டு 34 ஆண்டு ஆனவரும் பலன் பெற்றவர்களில் இருந்தார்.

இந்த 34 என்ற எண்ணில் சற்று நிற்க வேண்டும். அடிபட்ட முதல் ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டு, அதற்குள் வருவதுதான் வரும்; பிறகு ஏதும் வராது என்பது பல்லாண்டுகளாக மருத்துவமனைகளில் சொல்லப்பட்டு வந்த வாக்கு. தானாகத் திரும்புவதைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் தண்டுவடம் பழகும் திறனை அதற்குப் பிறகும் இழந்துவிடுவதில்லை என்று தெரிகிறது.

2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் கருவிக்கு அனுமதி தந்தது. அனுமதி யாருக்கு என்பதைக் கவனியுங்கள்: கழுத்துப் பகுதியில் அடிபட்டு, சேதம் முழுமையாகாமல், நாட்பட்ட நிலையில் இருப்பவர்களின் கை வலுவுக்கும் உணர்வுக்கும். காலுக்கு இல்லை, முழுச் சேதத்துக்கும் இல்லை. சோதனையிலும் ஒரு குறை உண்டு. பொய்த் தூண்டல் கொடுத்து ஒப்பிட்ட தனிக்குழு அதில் இல்லை. நான்கு மாதம் விடாமல் பழகியதும் முன்னேற்றத்துக்கு ஓரளவு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை அதனால் முழுதாக விலக்க முடியாது. நான் இதை நம்பிக்கையோடுதான் பார்க்கிறேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை.

கத்தியில்லாத மற்ற வழிகளில் விசித்திரமானது, மூச்சு. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதை 9 சதவீதமாகக் குறைத்து ஒன்றரை நிமிடம் சுவாசிக்க வைத்து, பிறகு ஒரு நிமிடம் நல்ல காற்று, மறுபடி குறைந்த காற்று என்று 15 முறை. 2014-ல் 19 பேரிடம் இப்படி ஐந்து நாள் செய்து பார்த்ததில், குறிப்பாக நடைப்பயிற்சியும் சேர்ந்தபோது, நடக்கும் தூரம் கூடியது. ஆக்சிஜன் குறைவை உடல் உணர்ந்ததும் தண்டுவடத்தில் செரோடோனின் சுரந்து, நரம்பு இணைப்புகளைக் கொஞ்சநேரம் இளக்கமாக வைக்கிறது, அந்த நேரத்தில் பழகினால் பழக்கம் படிகிறது என்பது விளக்கம். கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் மூச்சை அடக்கிப் பார்க்கும் விஷயமில்லை இது.

உடலைக் கயிற்றில் தாங்கி டிரெட்மில்லில் நடக்க வைப்பதும், நடக்க வைக்கும் ரோபோ எந்திரங்களும் மிகவும் பேசப்பட்டவை. 2006-ல் 146 பேரை வைத்து டிரெட்மில் பயிற்சியையும் சாதாரணமாகத் தரையில் தரும் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லை. விலையுயர்ந்த எந்திரம் இல்லாத ஊரில் இணைகம்பிகளைப் பிடித்து நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட் மனம் தளர வேண்டியதில்லை என்பதே எனக்கு அதில் தெரிந்த பாடம். எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த வேலையைப் பழகுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிற்கப் பழகிய பூனை நின்றது, நடக்கப் பழகிய பூனை நடந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதும் இல்லை. 1954-ல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் சிஎம்சி-யில் வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அதற்கென்றே ஒரு துறையை வேலூரில் உருவாக்கினார். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப்போடுவது, சிறுநீர்ப்பையைக் காப்பது, மிஞ்சிய தசையை நாள்தோறும் பழக்குவது எல்லாம் இந்த இடங்களில் கற்றுத்தரப்படுகின்றன. புதிய கருவி எது வந்தாலும் இவற்றின் மேல்தான் உட்கார வேண்டும். புண்ணோடு காய்ச்சலில் கிடப்பவருக்கு எந்த மின்முனையும் பயிற்சி தராது.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வலிநீக்கி மின்கருவியை வாங்கிக் கழுத்தில் ஒட்டிப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த அலை வேறு. உணர்ச்சியில்லாத தோலில் சுட்டாலும் தெரியாது. நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு உடம்பின் கீழ்ப்பாதியில் ஒரு சிறு எரிச்சல்கூட ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். அதேபோல, ஸ்டெம்செல் ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்று லட்சங்கள் கேட்கும் இடங்களிலிருந்து விலகியே இருங்கள். முறையான ஆய்வுக்கு வெளியே இதற்கு அதைத் தருவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை அனுமதிக்கவில்லை. முறையான ஆய்வு என்றால் நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

மேலே சொன்ன அத்தனை முறைகளும் நம்பியிருப்பது பொந்தின் ஓரத்தில் தப்பிய அந்தச் சில இழைகளைத்தான். அவை சில நேரம் சாகடிக்கப்படுவது விபத்தில் இல்லை, விபத்துக்கு அடுத்த சில நிமிடங்களில். பனையிலிருந்தோ மாடியிலிருந்தோ ஒருவர் விழுந்தால், பைக்கிலிருந்து தூக்கியெறியப்பட்டால், பதறி ஓடிவரும் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவுக்குள் மடக்கி உட்கார வைத்து, தண்ணீரும் ஊற்றுவார்கள். செய்வது அன்பில்தான். தீ, தண்ணீர் போல உடனடி ஆபத்து இல்லையென்றால் தூக்காதீர்கள். உட்கார வைக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையும் கழுத்தும் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே இருங்கள்.